நாலுபக்கத்தின் பிளேடும் என் சாட்சியும்

எழுபதுகளில் செங்கல்பட்டு ஜில்லா முழுக்கச் சலித்திருந்தாலும் நாலுபக்கம் மாதிரி இன்னொரு பிறவி கிடைத்திருக்காது. சொந்தப் பெயர் அவர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

பனியனை முதல் நாள் நேராகப் போடுவார். மறுநாள் முன்பக்கம் முதுகுக்குப் போகும். மூன்றாம் நாள் உள்பக்கம் வெளியே வரும். நான்காம் நாள் அதுவும் முன்பின்னாக மாறும். ஐந்தாம் நாள்தான் துவைப்பு. நான்காம் நாள் பக்கத்தில் நின்று வேலை பார்த்த பாவி நான்.

இருவரும் திருவிடந்தைப் பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டர்கள். காகித ஆலைக்காகச் சவுக்குக் கட்டைகளைச் சில்லுச் சில்லாக வெட்டித் தள்ளும் ராட்சத மிஷின் எங்களுடையது. பட்டையில் ஒட்டிய கடல் மணலால் மத்தியானத்துக்குள் பிளேடு மழுங்கிவிடும். கை நீளத்துக்கு இருக்கும் அதைக் கழற்றி, சாக்கில் சுற்றி, சாணை பிடிக்கச் செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் தூக்கிப் போவது என் தலையெழுத்து.

ஒருநாள் பனியனைத் திருப்பிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார்.

"அண்ணாத்த, பிளேடையும் இப்டி திருப்பினா இன்னா?"

ஒரே வாரத்தில் நாலு ஓரமும் வெட்டுகிற சின்னச் சின்னச் சதுர பிளேடுகள் செய்து மிஷினில் போல்ட்டுப் போட்டு மாட்டிவிட்டார். ஓர் ஓரம் மழுங்கினால் திருப்பி மாட்டலாம். நாலும் போனால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். முதலாளி பூரித்துப்போய் நாலுபக்கத்தின் பெயரிலேயே பேட்டன்ட்டுக்கு மனுப் போட்டார். அவர் உட்கார நாற்காலியும் போட்டார். பதினோரு வருஷமாக எனக்கு எண்ணெய் டின்தான் ஆசனம். எரியாதா வயிறு? எரிந்தது ஐயா, நன்றாகவே எரிந்தது.

இதே மாதிரி மிஷின் விற்கிற மெட்ராஸ் கம்பெனி ஒன்று அந்த மனுவை எதிர்த்தது. "இதில் என்ன புதுமை? தொழில் தெரிந்த எவனுக்கும் தோன்றுகிற சங்கதி" என்றது. அப்படிச் சொல்ல ஓர் அனுபவசாலி தேவைப்பட்டார். அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் நான் சட்டையை இஸ்திரி போட்டுவிட்டேன்.

பேட்டன்ட் ஆபீஸ் விசாரணையில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "இது ஒரு மேட்டரே இல்லீங்க சார். எனக்கே தோணியிருக்கும்."

அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அந்த மிஷின்ல எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"பதினோரு வருஷம்ங்க."

"பிளேடை எப்பல்லாம் கழட்டுவீங்க?"

"தெனமும்ங்க. தூக்கித் தூக்கித் தோள்ல தழும்பே கீதுங்க." சட்டையை விலக்கிப் பெருமையாகக் காட்டினேன்.

"அப்ப பதினோரு வருஷமா உங்களுக்கு ஏன் தோணல?"

விலக்கிய சட்டையை இழுத்து மூடிப் பொத்தானை மாட்டினேன்.

"தோணலீங்க" என்றேன்.

கம்பெனி வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் பேட்டன்ட் நாலுபக்கத்துக்கே கிடைத்தது.

விசாரணை முடிந்த அன்றைக்கே வாசலில் அவர் முகத்தைப் பார்க்கக் கூசி நழுவப் பார்த்தேன். ஓடி வந்து கட்டிக்கொண்டார்.

"இன்னா நடிப்பு அண்ணாத்த! அவனுங்க பக்கம் நின்னுகினு அவனுங்களையே கவுத்துட்டியே! எனக்காவ இவ்ளோ தூரம் யார் வருவா?"

கண் கலங்கியிருந்தது மனிதருக்கு. நடிப்பில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சாகும்வரை ஊரெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன அந்தச் சிநேகிதனாக ஒரே ஒரு நாளாவது நான் இருந்திருக்கலாம்.