கால்மிதியை அகற்றவும்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சுகத்தைப் போன மாதம் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து எழுதிக்கொண்டு போனார்கள். அது பற்றித்தான் இந்தக் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை உன் மனைவியிடம் காட்டாதே.

அன்றைக்கு இருந்தவர்கள்: விசாரிக்க வந்த கண்ணாடிக்கார அம்மா, வேலை ஏற்பாடு செய்கிற தொப்பைக்காரர், என் மகன், கல்லூரிக்காக என்னோடு தங்கியிருக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி, இரவல் கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்க வந்து கிளம்பாமலே நின்ற பக்கத்து வீட்டுத் தையல்காரர், அப்புறம் நான். நாளைக்கு யாரும் 'நான் அங்கே இல்லையே' என்று சொல்லக் கூடாது, அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன்.

ஒரே உடம்பில் மூன்று நான்கு நோயை வைத்துக்கொண்டு தனியாக இருக்க முடியாதவர்களுக்கென்று இங்கே ஒரு கட்டடம் கட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஒரு சாவி. கீழே நர்ஸ் இருக்கிறாள், வேளைக்கு மாத்திரை கொடுத்து விழுங்குகிற வரைக்கும் நின்று பார்க்கிறாள். பின்பக்கம் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற சலவைக்கூடம், உடம்பு கேட்கிறபடி மூன்று மணி நேரமோ நான்கு மணி நேரமோ வேலை. விழுந்தால் ஆளைத்தான் தூக்குவார்கள், வேலையை விட்டுத் தூக்க மாட்டார்கள். என் மகன் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு, வரும் வழியிலேயே ஒரு சாவி வளையம் வாங்கிவந்தான். சாவி இல்லாத வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு வீடெல்லாம் நடக்கிறான். அவனுக்கு நாற்பத்தொன்று. எனக்கு எழுபத்துமூன்று, முட்டி இரண்டும் போய்விட்டது. எனக்குப் பிறகு அவனுக்கு அந்தச் சாவிதான். அங்கே இடம் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தோம், அதை விசாரிக்கத்தான் இவர்கள் வந்தார்கள்.

கண்ணாடிக்கார அம்மா பேனாவைத் திறந்து, "உங்க மகனுக்கு என்னென்ன உதவி தேவைப்படுதும்மா?" என்றாள். தம்பி, வாசலேறி வந்தவள் என் பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்டால் என் வாய் என்ன சொல்லும்? சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி நிமிர்ந்துவிட்டேன். "ஒரு குறையும் இல்லம்மா, தங்கமான பிள்ளை" என்றேன். "கீழே விழுறதுண்டா?" என்றாள். "எப்பவாவது தடுக்கி விழுவான்." "எதுல?" "கால்மிதில" என்றேன், வாசலில் அதுதான் கண்ணில் பட்டது. பேத்தி, "பாட்டி, அது வலிப்பு..." என்று ஆரம்பித்தாள். தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, "பரீட்சை நேரம், தூக்கமில்லாம உளறுறா" என்றேன். "தனக்குத்தானே பேசிக்குவாரா?" "யோசனைக்காரன்மா, வாய்விட்டு யோசிப்பான்." "சர்க்கரை இருக்கா?" "இருக்கும்மா, உங்களுக்கு எத்தனை ஸ்பூன் போடட்டும்?" என்று சமையலறைக்குள் போய்விட்டேன். தொப்பைக்காரர், "இதுவரைக்கும் எங்கெங்க வேலை பார்த்திருக்காரு?" என்றார். "ஒன்பது இடத்துல" என்றேன். ஒன்பது இடத்திலும் துரத்தினார்கள் என்று யார் சொல்வது? 'நல்ல அனுபவம்' என்று எழுதிக்கொண்டார். தையல்காரர் வேறு, "என் கடையிலகூட ரெண்டு நாள் இருந்தாப்ல சார், கையில சுத்தம்" என்றார். இரண்டாம் நாள் மெஷின் மேல் விழுந்து இவனுக்கே ஆறு தையல் போட்டதை அவரும் விழுங்கிவிட்டார்.

பிறந்ததிலிருந்து என் வாயால் இவ்வளவு புகழ்ச்சி அவன் கேட்டதில்லை. அவர்கள் படியிறங்கியதும், "அம்மா, நான் அவ்வளவு நல்லாவா இருக்கேன்? அப்ப மாத்திரையை நிறுத்திடலாமா?" என்றான். என்னிடம் கேட்டுவிட்டு, நான் டம்ளர்களைக் கழுவப் போய்விட்டதால் நிறுத்தியும் விட்டான். மூன்றாம் நாள் குளியலறையில் விழுந்தான். தையல்காரர் கதவைப் பெயர்த்துத்தான் எடுத்தார். அன்றைக்கே பதிலும் வந்தது: 'விண்ணப்பதாரர் நலமாக இருப்பதால் இடம் ஒதுக்க இயலாது. தடுக்கி விழுவதைத் தவிர்க்க வாசலில் உள்ள கால்மிதியை அகற்றவும்.' அகற்றிவிட்டேன்.

பேத்தியைக் கூட்டிக்கொண்டு அவர்கள் அலுவலகத்துக்குப் போனேன், டாக்டர் சீட்டையும் நீட்டினேன். "அன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. மருந்து சாப்பிடுற எத்தனையோ பேர் தனியா இருக்காங்களே. சின்ன வயசுலேர்ந்து இவருக்கு எப்படின்னு பார்த்த வேற ஒருத்தர் எழுதித் தரட்டும். இருபதாம் தேதி வரைக்கும் டைம்" என்றாள் கண்ணாடிக்காரி.

அவனுக்கு முதல் தடவை வலிப்பு வந்ததைப் பார்த்தவர்களில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மாவும் அப்பாவும் இல்லை. மிச்சம் நீதான். உன் கல்யாண மண்டபத்தில், நடுக்கூடத்தில், ஒன்பது வயதில் அவன் விழுந்தான், வெட்டி வெட்டி இழுத்தது. பெண் வீட்டார் எழுந்து நின்றார்கள். உன் மாமனார், "பையனுக்கு என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல மாமா, கால்மிதில தடுக்கி விழுந்துட்டான்" என்றாய். நம் குடும்பத்தில் நோய் என்று தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம் உனக்கு. அந்தக் கூடத்தில் கால்மிதியே கிடையாது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ ஒரு தடவை சொன்னதைத்தான் முப்பத்திரண்டு வருஷமாக நான் பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், ஒன்பது முதலாளிகளிடம் சொல்லிவந்தேன். இப்போது வேறு வார்த்தை என் வாயில் வரவே மாட்டேன் என்கிறது.

அன்று கண்டதைக் கண்டபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் மனைவிக்குத் தெரிய வேண்டாம். எனக்கு யார்மேலும் மனத்தாங்கல் இல்லை. நீயும் அவளும் பேரன் பேத்தி எடுத்து, நோய்நொடி அண்டாமல் நிறைந்து வாழ வேண்டும்.

இப்படிக்கு, மூன்றாம் வகுப்போடு நின்றுபோன உன் அக்கா.

பின்குறிப்பு: மனத்தாங்கல் இல்லை என்று எழுதியது மரியாதைக்கு. மனைவியிடம் காட்டாதே என்றதும் அப்படித்தான். உறையின் மேல் அவள் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். இந்நேரம் படித்து முடித்து உன் எதிரில் நின்றுகொண்டிருப்பாள். இனி மறைக்க ஒன்றுமில்லை, உட்கார்ந்து எழுது. எழுதிவிட்டால் மனம் இறங்கிவிடுவேன் என்று மட்டும் நினைக்காதே. கண்ணாடிக்காரியை மன்னித்துவிட்டேன், நான் சொன்னதைத்தானே எழுதினாள். தையல்காரரை, கதவைப் பெயர்த்தாரே, அதற்காக மன்னித்துவிட்டேன். என்னைக்கூடப் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். மாலையும் கழுத்துமாக நின்று, இல்லாத கால்மிதியைக் கைநீட்டிக் காட்டினானே, அந்த மாப்பிள்ளையைத்தான் மன்னிக்க மாட்டேன்.