வரிசையில் நிற்காமல் கரண்டு பில் கட்டிய வரலாறு

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
1976 ஜூலை.

பம்பாய்க் கப்பல் பட்டறையில் வெல்டர் உத்தியோகம் பார்க்கும் அன்பு மருமகன் வில்பிரட்டுக்கு, உன் தாய்மாமன் சிலுவை மிக்கேல் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. சர்வேசுரனுக்குத் தோத்திரம். இங்கே உன் அம்மா, உன் மாமி, என் மகள் பிளாரன்ஸ், நான் எல்லோரும் சுகம். உன் சுகத்துக்காகப் பனிமய மாதாவிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மாதாவுக்கே என் குரல் பழகிப்போய், நான் முழங்கால் போடும் முன்னாலேயே, "வில்பிரட் விஷயந்தானே, தெரியும்" என்பதுபோல் பார்க்கிறாள்.

நிற்க. அம்மாவுக்கு முழங்கால் வலி என்றும், மாதாமாதம் கரண்டு பில் கட்ட வெயிலில் வரிசையில் நிற்கிறாள் என்றும், பேங்கில் எழுதிக் கொடுத்தால் அவர்களே கணக்கிலிருந்து எடுத்துக் கட்டிவிடுவார்களாம், எப்படியாவது அம்மாவை அந்த வரிசையிலிருந்து மீட்டுவிடுங்கள் மாமா என்றும் நீ எழுதியிருந்தாய். இந்தப் பொறுப்பை ஊரில் வேறு எவனிடமும் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தாயே, அங்கேதான் நீ என் அக்காள் மகன் என்பது தெரிகிறது. கடிதம் கிடைத்த மறுநாளே இஸ்திரி போட்ட சட்டையோடு பேங்குக்குப் போய்விட்டேன். நான் உள்ளே நுழைந்ததும் மேனேஜர் பால்துரை நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். (ஃபேன் சுவிட்சைப் போடத்தான் எழுந்தார் என்று உன் மாமி எழுதச் சொல்கிறாள். அவள் அங்கே இல்லை.) விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் அசந்துபோனார். "அண்ணாச்சி, கன்னியாகுமரியில இருந்து கயத்தாறு வரைக்கும் இத வெளங்கிக்கிட்டு வந்த மொத ஆளு நீங்கதான்" என்றார், அல்லது அந்த அர்த்தம் வரும்படி ஏதோ சொன்னார். அந்த இடத்திலேயே என் வீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மருமகனே, இதைப் போல ஓர் ஏற்பாடு உலகத்தில் கிடையாது. நாம் தூங்கலாம், கடலுக்குப் போகலாம், ஆறுமுகநேரியில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். இங்கே பேங்க் பாட்டுக்கு நம் பில்லைக் கட்டிக்கொண்டிருக்கும். உன் அப்பா இருந்த காலத்தில் சங்கு குளிக்கக் கீழே போவார். மேலே தோணியில் கயிறு பிடிப்பவன் நான். பொண்டாட்டியின் தம்பி கையில்தான் அந்தக் கயிற்றைக் கொடுப்பார்கள். அக்காள் தாலிக்குக் கேடு வர அவன் விடமாட்டான் என்று ஒரு கணக்கு. உன் அப்பா முங்கும்போது ஒரு தடவைகூடத் திரும்பி என் முகத்தைப் பார்த்ததில்லை. அந்த மாதிரி ஒரு நம்பிக்கை எனக்கு இந்தப் பேங்கின்மேல் வந்துவிட்டது. நேஷனலைஸ் பண்ணினது வீண்போகவில்லை.

அப்புறம் உன் அம்மாவை ரிக்ஷாவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், பல் பிடுங்கப் போகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். "ஏலே சிலுவை, யோசிச்சுத்தான் செய்யுதியா?" என்று பேனாவைப் பிடித்தபடி கேட்டாள். "நான் எங்க செய்யுதேன்? உம் மவன்லா சொல்லுதான்" என்றேன். மகன் என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஆனால் வீடு வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை. முழங்கால் வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பில் கட்டும் கடைசி நாள் வந்தது. காலையிலிருந்து வீட்டில் உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சிமிட்டல்கூட இல்லை. இவ்வளவு பெரிய காரியத்தை நான் மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு என்ன செய்ய? நாலு பேருக்குச் சொன்னால் புண்ணியம் என்று கரண்டு ஆபீசுக்குப் போனேன். வரிசை தெருமுனை வரை நின்றது. தனியாக நின்று பேசினால் பைத்தியக்காரன் என்பார்களே என்று நானும் வரிசையில் நின்றுதான் சொன்னேன். அங்கே பதனி விற்கும் இசக்கித்தாய், "அண்ணாச்சி, ஒங்க பில்லத்தான் பேங்கு கெட்டுதுங்கிய, பின்ன எதுக்கு வரிசையில நிக்கிய?" என்றாள். "நிக்க வேண்டாம்னு சொல்லுததுக்குத்தாம்ளா நிக்கேன்" என்றேன். சனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். மகிழ்ச்சியில் சிரித்தார்கள். பேசிக்கொண்டே போனதில் கவுண்டரே வந்துவிட்டது. உள்ளே இருந்தவர் கையை நீட்டுகிறார், பின்னால் நிற்பவர்கள் "கெட்டுமய்யா, இல்ல வெலகுமய்யா" என்று கத்துகிறார்கள். அத்தனை பேர் முன்னால் கட்டாமல் திரும்பினால் என்ன மரியாதை? கட்டிவிட்டேன். ஆக, இந்த மாதம் எனக்குப் பேங்கும் கட்டிவிட்டது, நானும் கட்டிவிட்டேன். தூத்துக்குடியிலேயே அதிகமாகக் கரண்டுக்குக் கட்டியிருக்கும் குடும்பம் இப்போது நம்முடையதுதான்.

ஆனால் நின்றது வீண்போகவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர் ஆர்பரில் இழுவைப் படகு ஓட்டும் அம்புரோஸ். "எனக்கு இன்னைக்கு டூட்டி இல்ல வே, அதான் வந்தேன். மத்த மாசமெல்லாம் எம் மவ ஹில்டாதான் ஆர்பர் ஆபீசுல பெர்மிஷன் போட்டுட்டு வந்து நிக்கா" என்று வருத்தப்பட்டார். விடுவேனா? பேங்க் மகிமையை முழுவதும் சொன்னேன். "நாளைக்கே மவளக் கூட்டிக்கிட்டுப் போய் எழுதிக் குடுத்துருதேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வீட்டை வரிசையிலிருந்து மீட்ட பெருமையோடு நேரே உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

மருமகனே, புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றாமலே புயல் அடித்தால் எப்படி இருக்கும்?

"அட அறிவு கெட்டவனே!" என்று கையிலிருந்த மீனை அப்படியே சட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள். "அந்த வரிசையிலதாம்லே எம் மவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருந்தேன்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெண் பார்க்கக் கோயில் இல்லையா என்றேன்.

"கோயில்ல பாத்தா எல்லாப் பொண்ணும் றெக்க இல்லாத சம்மனசுதாம்லே. முக்காடு போட்டுக் கண்ண மூடிக்கிட்டு நிக்கும். வெயில்ல வரிசையில நிக்கும்போதுல்லா கொணம் தெரியும். அந்த ஹில்டா மயக்கம் வந்த கெழவிக்குத் தன் எடத்த விட்டுக் குடுத்தா; எடையில புகுந்தவன் சட்டையப் பிடிச்சு வெளிய இழுத்தும் விட்டா. ரெண்டும் ஒரே நாள்ல! அவ கையில இருக்க கரண்டு கார்டையும் பாத்துட்டேன். கார்டப் பாத்தாப் போதும், வீடு தெரிஞ்சிரும். யூனிட்டு ரொம்பக் கூடுனா ஊதாரி வீடு. ரொம்பக் கொறஞ்சா இருட்டுல சோறு போடுத வீடு. அம்புரோஸ் வீட்டுக் கார்டு அளவா இருக்கு. இந்த மாசம் பேச்செடுக்கணும்னு இருந்தேன். என்னையும் வீட்டுல உக்கார வச்சிட்டே, அவளையும் உக்கார வைக்கப் போற!"

"அதுக்கென்னக்கா, நேரா அவுக வீட்டுக்கே போய்க் கேட்டுருவோம்."

"போய்க் கேட்டு, இல்லன்னுட்டா? ரெண்டு குடும்பமும் பெறகு கோயில்ல மொகத்தோட மொகம் பாக்க முடியுமா? வரிசையிலன்னா கேட்ட மாதிரியும் இருக்கும், கேக்காத மாதிரியும் இருக்கும்லே. அவளுக்குப் பின்னாலயே ஒரு புன்னக்காயல்காரி வேற, தம் மவனுக்குன்னு கண்ணு வச்சிக்கிட்டு நிக்கா."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நீ பத்திரமாகக் கரையேற வேண்டுமென்று அவள் இவ்வளவு நாளாக வலிக்கிற காலோடு நின்றிருக்கிறாள், நானும் நீயும் சேர்ந்து அவளைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறோம். ஆனால் உன் மாமனுக்கா வழி தோன்றாது? "அக்கா, பேங்கிலயும் வரிசை உண்டு. நாளைக்கு அம்புரோசும் மவளும் அங்கனதான் வாராக. கெளம்பு" என்றேன்.

மறுநாள் நாங்கள் போனபோது அம்புரோசும் ஹில்டாவும் பால்துரை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தகப்பனார் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார், மகள் விடவில்லை. இங்கிலீஷ் பாரத்தை அடிவரை படிக்கிறாள்.

"சார், பேங்கு கட்ட மறந்துட்டா?"

"மறக்காதும்மா."

"மறந்துட்டா?"

"அபராதம் கணக்குக்காரரதுதான். ஃபியூசையும் பிடுங்கத்தான் செய்வாங்க."

"அப்பம் மறக்கது நீங்க, இருட்டுல இருக்கது நாங்க."

பால்துரை என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். உன் அம்மா என் தொடையில் கிள்ளினாள். தழும்பு இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். உடனே பேச்சை எடுத்தேன். "எங்க மருமவன் பம்பாயிலதான் இருக்கான். பம்பாய் ஆர்பர்ல பாதி அவன் கையிலதான் ஓடுது" என்றேன்.

"எந்தப் பாதி மாமா?" என்றாள் அந்தப் பெண்.

"அவன் வெல்டருளா. இவன் சொல்லுததுல பாதியக் கழிச்சிக்கிடு" என்று உன் அம்மா குறுக்கே விழுந்தாள்.

ஹில்டா பாரத்தை மடித்து மேசைமேல் வைத்தாள். "மாமி, நீங்க என் கார்டப் பாத்திய. நானும் ஒங்க கார்டப் பாத்தேன். தனியாத்தான் இருக்கியன்னு சொன்னாக. ஒத்த ஆளுக்கு இம்புட்டுக் கரண்டா?"

என் அக்காள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "லீவு கெடச்சா காயிதம் போடாமக் கெளம்பி வந்துருவான் எம் மவன். ரயிலு எந்நேரம் வருமோ, யாரு கண்டா? வாசல் லைட்ட அணைக்கதில்ல."

நான் அடுத்த தெருவில் இருக்கிறேன். எனக்கே இது தெரியாது வில்பிரட்.

அந்தப் பிள்ளை மடித்த பாரத்தைப் பால்துரை பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு, "சின்ன பல்பாப் போடுங்க மாமி. வெளிச்சமும் போதும், பில்லும் கொறையும்" என்றாள்.

"நீயே வந்து மாட்டிக் குடேன்" என்றாள் உன் அம்மா.

முதலில் அம்புரோசுக்குத்தான் விளங்கியது. பேனாவை மூடி வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். அவள் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டே, "மொதல்ல அவுகள லீவு கேக்கச் சொல்லுங்க" என்றாள்.

ஆகவே மருமகனே, சுருக்கமாகச் சொன்னால், நீ கரண்டு பில்லுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னாய், நான் உனக்குக் கல்யாணத்துக்கே ஏற்பாடு செய்துவிட்டேன். இத்தனையும் பேங்கால் வந்தது. பேங்குக்கு அழைத்துப் போனது யார் என்று உனக்குத் தெரியும். மாதா கோயில் கொடியேற்றத்துக்குள் லீவு வாங்கி வந்துவிடு. பெண்ணைப் பார்த்தால் ஆர்பரைப் பற்றி வாயைத் திறக்காதே.

மாதா உன்னைத் தன் முந்தானையில் முடிந்து பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். உன்னோடு தங்கியிருக்கும் நம் ஊர்ப் பையன்கள் எல்லோருக்கும் என் விசாரிப்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் நன்மையே மூச்சாக இருக்கும் தாய்மாமன்,
சிலுவை மிக்கேல்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பேங்கில் எழுதிக் கொடுத்ததை அவள் இன்று காலையிலேயே போய் ரத்து செய்துவிட்டாளாம். மருமகள் வந்ததும் இரண்டு பேருமாக வரிசையில் நிற்பார்களாம். அதோடு நிற்காமல், "ஏலே, பிளாரன்சுக்கு வயசு ஏறலியா? நீ பேங்குல கெட்டிக்கிட்டு வீட்டுல உக்காந்திருந்தா அவள எவ பாப்பா?" என்று கேட்டாள். மத்தியானமே ஓடிப்போய் நானும் ரத்து செய்துவிட்டேன். பேங்க் ஏற்பாடு உலகத்திலேயே உயர்ந்தது, அதில் மாற்றமில்லை. கட்டிக்கொடுக்கப் பெண் இல்லாத வீடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த மாதத்திலிருந்து பிளாரன்ஸ் வரிசையில் நிற்பாள். எங்கள் வீட்டுக் கார்டை வாங்கிப் பார்த்த உன் அம்மா, இது அசல் ஊதாரி வீடு என்று சொல்லிவிட்டதால், மீட்டர் பார்க்கிறவன் வந்துபோகும்வரை ஃபேன் போடக்கூடாது என்று மாமி உத்தரவு. ஒரு கையால் விசிறிக்கொண்டு மறு கையால் இதை எழுதுகிறேன். கடைசி நாலைந்து வரி கோணலாக இருந்தால் காரணம் அதுதான்.