எட்டு மணிப் பெரட்டு

கணினிப் பிழைகளைக் கார் நிறுத்துமிடத்தில் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடும் மனிதர் இந்த ஜொகூர் மாநிலத்தில் ஒருவர்தான். பூமியிலேயே ஒருவர்தான் என்பது என் கணிப்பு. மறுக்க விரும்புகிறவர்கள் எழுத்துப்பூர்வமாக, இரண்டு பிரதிகளில் மறுக்கலாம்.

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஸ்கூடாயில் எங்கள் அலுவலகம் இருந்த கடைவரிசை முழுவதற்கும் அவர் ‘பெரட்டு’. ரப்பர் தோட்டத்தில் காலையில் வேலைக்குப் போகுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டுதான். அவருடைய அப்பா தோட்டத்தில் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, இருந்து பெரட்டு எடுத்தவர். மகன் ஜாவா படித்து நிரல் எழுத வந்தார். ஆனால் பெரட்டை விடவில்லை.

எங்கள் நிறுவனத்தின் வேலை கிளினிக்குகளுக்கும் டயாலிசிஸ் நிலையங்களுக்கும் பொருள் அனுப்புவது. நிலையம் தன் கணினியில் ஆர்டர் போடும். அது எங்கள் கிடங்குக் கணினிக்குப் போக வேண்டும். அங்கிருந்து லாரிக்காரர் கைபேசிக்குப் போக வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத சம்பந்திகள் மாதிரி. நடுவில் சமாதானம் செய்ய ஜாவாவில் ஓர் ஒருங்கிணைப்பு மென்பொருள். அதில் நிலையத்துக்கு ஒரு தடம். தடத்தில் ஓர் ஆர்டர் இடறி விழுந்தால் திரவப் பைகள் போகாது. பைகள் போகாவிட்டால், ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வந்த மனிதர் வந்தபடியே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு முறை அப்படித் திரும்பினால் அப்புறம் அவர் வரமாட்டார்.

நான் அங்கே நடைமுறைத் துறைத் தலைவி. எந்தப் படிவம் எந்த அலமாரியில், யார் கையெழுத்துக்குக் கீழே யார் கையெழுத்து என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பெரட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் முதல் அதிர்ச்சியும் வந்து சேர்ந்தது.

அதுவரை நாற்பது தடத்துக்கும் நாற்பது பிழை விதிகள். ஒரு தடம், ஆர்டர் விழுந்தால் ஒரு கோப்பில் குறித்துவைக்கும். அந்தக் கோப்பை மனிதப் பிறவி யாரும் திறந்ததில்லை. இன்னொன்று மின்னஞ்சல் அனுப்பும். அதைப் பெற வேண்டியவர் வேலையை விட்டுப் போய்க் கல்யாணமாகிக் குழந்தைக்குக் காதும் குத்திவிட்டார். மூன்றாவது, விழுந்ததைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெரட்டு இத்தனையையும் ஒரே நாளில் அழித்துவிட்டு, எல்லாத் தடத்துக்கும் பொதுவாக ஒரே விதியை எழுதினார். விழுந்தால் மூன்று முறை மறுபடி அனுப்பிப் பார். அப்போதும் போகாவிட்டால் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்து. மனிதன் வந்து பார்ப்பான்.

நல்ல விதிதான். ஆனால் படிவம்?

“மாற்றப் படிவம் எங்கங்க?” என்றேன்.

“என்னங்க கிராணியம்மா, நாப்பது வீட்டுக்கு நாப்பது சட்டம் போட்டா அது தோட்டமா, காடா?”

கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் பதிவேடு எழுதுகிறவர். இரண்டு பட்டம் வாங்கி, தனியறையும் பெயர்ப்பலகையும் உள்ள என்னை!

“நான் மேனேஜர்” என்றேன்.

“சரிங்க, கிராணியம்மா.”

மறுநாள் படிவம் வந்தது. ‘மாற்றத்துக்கான காரணம்’ என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: வெட்கம்.

அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, கார் நிறுத்துமிடத்தில் கூரைக்குக் கீழே நிரல் எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்றார்கள். எதிரே கையில் ஊர்ப் பெயர்கள் எழுதிய அட்டையோடு பெரட்டு.

“பெக்கான் நானாஸ்!”

“வந்துருச்சு!”

“குளுவாங்!”

“சுகமில்ல அண்ணே. மூணு தடவ எழுப்பினேன், எந்திரிக்கல.”

“என்ன செய்யுதாம்?”

“மருந்து நம்பர் தப்பா இருக்கு.”

“போன் போட்டுக் கேளு. நம்பர் தெரியாம நீ காபி குடிக்கக் கூடாது.”

நான் மாடி ஜன்னலில் உறைந்து நின்றேன். எங்கள் நடைமுறைக் கையேட்டில் மழைக்காலத்தில் குடை வைக்கும் இடத்துக்குக்கூட ஒரு பிரிவு உண்டு. இதற்கு இல்லை. பக்கத்து டயர் கடையின் சீன முதலாளி, எங்கள் எல்லாருக்கும் ‘தவுக்கே’, பெரட்டு நடக்கும் நேரத்தைப் பார்த்துத் தன் கடிகாரத்தைத் திருத்த ஆரம்பித்தார். சில நாளில் அவரும் வரிசையின் கடைசியில் காபிக் குவளையோடு நின்று, யாராவது பதில் சொல்லத் தாமதித்தால், “குளுவாங் ஆடா? தாடா?” என்று அதட்டினார். வந்திருக்கிறதா இல்லையா என்று அந்த மனிதர் கேட்கிறார்! அவருக்கும் குளுவாங் டயாலிசிஸுக்கும் என்ன உறவு?

முதலாளி வீட்டுத் தீபாவளி விருந்திலும் இதே கதை. விழுந்த ஆர்டருக்குப் பெரட்டு தன் கைபேசியில் விசில் சத்தம் வைத்திருந்தார். இலையில் இரண்டாம் முறை சோறு விழும் நேரத்தில் விசில். எழுந்தார். வலது கையில் குழம்பு, இடது கையால் மடிக்கணினி, கார் முகப்பின் மேல் வைத்து அரை மணி நேரம் தட்டினார். முதலாளியம்மா ரசத்தை அங்கேயே கொண்டுபோய் ஊற்ற வேண்டியதாயிற்று.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். “விழுந்த ஆர்டர் எல்லாம் சிஸ்டத்துலயே வரிசையா நிக்குது. நல்லா ஓடுற ரூட்டையும் எதுக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க? தினம் கால் மணி நேரம் வேஸ்ட்.”

“விழுந்தவன் சத்தம் போடுவான், கிராணியம்மா. அதுக்கு மிஷினு போதும். வராதவன் சத்தம் போடமாட்டான். எங்கப்பா மூணு தடவ பேர் கூப்பிடுவாரு. பதில் இல்லன்னா லயத்து வீட்டுக்கே போயிக் கதவத் தட்டுவாரு. அதுக்குப் பேருதான் பெரட்டு.”

இதை ஆவணமாகக் கொடுங்கள் என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்போது தரச் சான்றிதழ் தணிக்கைக்கு நாள் குறித்திருந்தார்கள். என் மாத அறிக்கையில் ஒரே ஒரு கறை இருந்தது. அதன் பெயர் லாயாங் லாயாங். ரயில் நிலையமும் நாலு கடையும் உள்ள அந்தச் சின்ன ஊரில் ஒரு தர்ம டயாலிசிஸ் நிலையம். அதை நடத்தும் சிஸ்டர், ஆர்டரில் ‘இறக்கும் நேரம்’ என்ற கட்டத்தை ஒரு நாளும் நிரப்பமாட்டார். ஆர்டர் விழும். பெரட்டு போன் போட்டு நேரத்தைக் கேட்டு நிரப்பி, மறுபடி அனுப்புவார். என் அறிக்கையில் ஒரு பிழை ஏறும்.

தணிக்கையாளர் கண்ணில் இது படலாமா? தணிக்கை வாரத்துத் திங்கட்கிழமை, அந்தத் தடத்தை எழுதிய ஷாலினியைக் கூப்பிட்டேன்.

“இந்த ஒரு ரூட்டுக்கு மட்டும் தனி விதி போடும்மா. நேரம் காலியா இருந்தா குறிச்சு வச்சுட்டு, கையாண்டாச்சுன்னு முடிச்சிடு.”

“அண்ணன்கிட்ட கேக்க வேணாமா, மேடம்?”

“படிவத்துல என் கையெழுத்து இருக்கு. போதும்.”

ஒரு தடத்துக்கென்று தனி விதி இருந்தால் பொது விதி அதைத் தொடாது என்பது அந்த மென்பொருளின் சுபாவம். எல்லா நடைமுறையும் அறிந்த எனக்கு இந்த ஒன்று தெரியாது. ‘கையாண்டாச்சு’ என்று முடித்தால், ஆர்டர் போட்டவருக்கு ‘கிடைத்தது’ என்று பதில் போய்விடும் என்பதும் தெரியாது.

கையோடு பெரட்டுக்கும் ஒரு காரணம் கேட்கும் கடிதம் கொடுத்தேன். கையேட்டில் இல்லாத காலைக் கூட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். வேலையிலிருந்து ஏன் நீக்கக் கூடாது என்பதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். வாங்கிப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். செவ்வாயும் புதனும் கார் நிறுத்துமிடம் காலியாகக் கிடந்தது. தவுக்கே மட்டும் குவளையோடு வந்து, நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

வியாழக்கிழமை தணிக்கை. அன்று காலை பிழை வரிசையில் ஒன்றுகூட இல்லை. சுத்தம்! முதலாளி எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கி வைத்தார். தணிக்கையாளர் திரையைப் பார்த்துத் தலையசைத்தார். நான் மனதுக்குள் மாலை போட்டுக்கொண்டிருந்தபோது பெரட்டு வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

“நாப்பது ஊருல ஒரு ஊருக்குக்கூடச் சுகக்கேடு இல்லையா? நம்ம ஆபீஸ்லயா?”

சட்டென்று அட்டையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். எதிரே ஒருவரும் இல்லாத கார் நிறுத்துமிடத்தில் நின்று ஒவ்வோர் ஊராகக் கூப்பிட ஆரம்பித்தார். பெயர் சொல்வார், கைபேசியில் அந்த ஊர் ஆர்டர் கடைசியாகக் கிடங்குக்கு வந்த நேரத்தைப் பார்ப்பார், அட்டையில் கோடு போடுவார்.

“அவர் என்ன செய்கிறார்?” என்றார் தணிக்கையாளர்.

நான் கையேட்டைப் புரட்ட ஆரம்பித்தேன்.

“லாயாங் லாயாங்!” கோடு விழவில்லை. “லாயாங் லாயாங்!” டயர் கடைத் தவுக்கே வெளியே வந்துவிட்டார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது அந்தக் குரலில் இருந்த நடுக்கம் மாடி வரைக்கும் கேட்டது.

“தாடா லா!” என்றார் தவுக்கே.

ஷாலினி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அழ ஆரம்பித்திருந்தாள். நான் சிஸ்டருக்குப் போன் போட்டேன்.

“ஆர்டரா? திங்கள்லேர்ந்து மூணு தடவ போட்டாச்சு மேடம். ‘கிடைத்தது’னு பதிலும் வந்துச்சே. சாமான்தான் வரல. மத்தியானம் பதினோரு பேரு வராங்க. இருக்கிற பை ரெண்டு பேருக்குத்தான் போதும். லாரி வந்துகிட்டு இருக்குதானே?”

லாரி எங்கே வந்துகொண்டிருக்கிறது? மூன்று ஆர்டரும் விழுந்து, மூன்றும் ‘கையாண்டாச்சு’ என்று என் கையெழுத்தின் கீழ் அடக்கமாகியிருந்தன.

பெரட்டு மேலே வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கடிதத்தை எடுத்து என் முகத்தில் எறிந்திருந்தாலும் நியாயமாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றுதான்.

“கிராணியம்மா, அவசரமா சாமான் வெளிய எடுக்க என்ன படிவம்?”

எனக்குத் தெரியாதா? மஞ்சள் படிவம். மூன்று கையெழுத்து. ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் விடுப்பில், மூன்றாவது நான். பேனாவை எடுத்தேன். மூன்று கட்டத்திலும் என் கையெழுத்தையே போட்டேன். தணிக்கையாளர் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் எனக்கு மிகப் பெரிய அதிர்ச்சியைக் கொடுத்தது என் வலது கைதான்.

எங்கள் லாரிகள் எல்லாம் வெளியே போயிருந்தன. தவுக்கே டயர்களை இறக்கித் தரையில் உருட்டிவிட்டுத் தன் லாரியை எங்கள் கிடங்கு வாசலுக்குக் கொண்டுவந்தார். பெட்டிகளை ஏற்றி, முன்னிருக்கையில் தவுக்கே, பெரட்டு, நடுவில் நான். வழி நெடுக ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் தவுக்கே “அலமாக்” என்று அங்கலாய்த்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது நாற்காலிக்காரர் காத்திருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பெட்டிகளைச் சுமந்து வந்த பெரட்டைப் பார்த்து, “கம்பெனிக்காரங்களா? நாங்க இருக்கிறதே மறந்துட்டீங்களோன்னு பாத்தேன்” என்றார்.

“மறக்கலைங்க ஐயா. தினம் உங்க ஊரக் கூப்பிடுறோம்” என்றார் பெரட்டு. “ரெண்டு நாளு எனக்குத்தான் சுகமில்ல.”

நான் அடுத்த பெட்டியை எடுக்க லாரிக்குப் போனேன்.

காரணம் கேட்கும் கடிதத்துக்கு மறுநாள் விளக்கம் வந்தது. இரண்டே வரி. ‘பெரட்டு திங்கள் முதல் நடக்கும். தனி விதி போட்டவரின் பெயரையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.’ கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற எங்களிடம் படிவம் கிடையாது. உட்கார்ந்து ஒன்று தயாரித்தேன். தணிக்கையாளர் தன் அறிக்கையில், ‘காலை நடைமுறை நன்று. ஆவணம் இல்லை’ என்று எழுதியிருந்தார். மூன்று கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காலைப் பெரட்டுக்கு ஏழு பக்கத்தில் நானே நடைமுறை எழுதினேன். தவுக்கே நிற்க வேண்டிய இடம் உட்பட.

அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை, நாற்பது ஊர்ப் பெயருக்குப் பின்னால் கடைசியாக ஒரு பெயர் ஒலிக்கும்.

“கிராணியம்மா!”

“இருக்கேன்.”

ஓய்வு பெற்ற மறுநாள் காலை எட்டு மணிக்கு வீட்டில் கைபேசி அடித்தது. எடுக்கவில்லை. எந்த நடைமுறையின்படி எடுக்க வேண்டும்? மூன்று நிமிடம் கழித்து மறுபடி. இன்னும் மூன்று நிமிடம் கழித்து மறுபடி. எட்டு இருபதுக்கு வாசல் இரும்புக் கதவு அதிர்ந்தது. பெரட்டு, ஷாலினி, பின்னால் டயர் லாரி. தவுக்கே கையில் கதவை நெம்ப ஒரு கம்பி வேறு.

“மூணு தடவ கூப்பிட்டேன்” என்றார் பெரட்டு. மூச்சு வாங்கியது.

அதிலிருந்து எட்டு மணிக்கு முதல் மணியிலேயே எடுத்து “இருக்கேன்” என்று சொல்லிவிடுகிறேன். சில நாள் மட்டும், கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மூன்றாவது முறை அவர் கூப்பிடும்வரை எடுக்காமல் இருப்பேன்.