இருபத்தோராம் பிரிவுக்கு முட்டுக் கொடுத்தவர்

எந்த நாட்டில் எந்தக் கட்சி ஆண்டாலும் ஒரு ஜீவராசிக்கு மட்டும் பஞ்சமே வருவதில்லை. கட்சித் தலைவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பாவம், இன்று சொன்னதை நாளைக்குத் தானே மறந்துவிடுகிறவர். இங்கே பேச்சு, அவர் மறந்த பிறகும் அதைத் தோளில் தாங்கிக்கொண்டு வெயிலில் நிற்கிறாரே, அந்த முட்டுக் கொடுப்பவரைப் பற்றி. சுவர் சாய்கிறதா? முதுகைக் கொடுப்பார். கூரை ஒழுகுகிறதா? மழைநீர்ச் சேமிப்பு என்பார். இதற்கு அவருக்குச் சம்பளம் உண்டா? இல்லை. தேர்தலில் நிற்க இடம் கொடுப்பார்களா? மாட்டார்கள். பின்னே எதற்காக? கேட்டுப் பாருங்கள், அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்.

பெலாந்தாரா நாட்டில், தெலோக் சிராய் துறைமுகத்தில், இந்த இனத்தின் பழுதில்லாத மாதிரி ஒருவர் இருந்தார். பெயர் மர்சுகி. படகுத்துறையில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்லில்லக் கட்சியின் வட்டச் செயலாளர் என்று சொல்லிக்கொள்வார், கட்சியும் மறுத்ததில்லை. படகுத்துறை வாசலில் அவருடைய தங்கை ரொஹானி நடத்தும் காப்பிக்கடைதான் அவர் தர்பார். விடிந்ததும் வந்து, காற்று வரும் மேசையைப் பிடித்து, இஞ்சி போட்ட காப்பியையும் வாழைப்பழப் பொரியலையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாரானால், கட்சி நேற்று என்ன செய்தது, ஏன் செய்தது, செய்யாமல் விட்டிருந்தால் நாடு எப்படிக் கடலில் மூழ்கியிருக்கும் என்பதையெல்லாம், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும், படகைப் பிடிக்க ஓடுகிறவரின் சட்டையைப் பிடித்து நிறுத்தியும் சொல்லுவார்.

அந்த ஆண்டு நல்லில்லக் கட்சி இல்லறச் சட்டங்களைச் சீர்திருத்தக் கிளம்பியது. கணவன் மனைவி சண்டை வேலிக்கு வெளியே கேட்கக் கூடாது. மாமியாருக்கு ஜன்னல் வைத்த அறை தர வேண்டும். திருமணத்துக்கு முன் அக்கம்பக்கத்தாரிடம் நற்சான்று வாங்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக ஒரு வரைவு வந்தது. மர்சுகி அதைப் படிக்கும் முன்பே ஆதரித்துவிட்டார். படித்தால் தாமதமாகுமே!

“செயலாளரே, எங்க வீட்டுக்கு வேலியே கெடையாது. நானும் அவளும் எங்க போய் சண்ட போடுறது?” என்று கேட்டார் ஒரு மீன்பிடிக்காரர்.

“வேலி போடு. நீ போட்டா, பக்கத்து வீட்டுக்காரன் போடுவான். மூங்கில் வெட்டுறவனுக்கு வேல கெடைக்கும். ஒரு சட்டத்துக்குள்ள எத்தன தொலைநோக்கு இருக்குன்னு பாத்தியா?”

கடையே சிரித்தது. ரொஹானியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வடிகட்டியைக் கழுவியவள், இருபத்தோராம் பிரிவை வானொலியில் வாசித்தபோது கையை நிறுத்தினாள்.

விவாகரத்து கேட்கும் தம்பதியர், தீர்ப்புக்கு முன் ஓராண்டு ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வாழ வேண்டும். ஏற்கெனவே நடக்கும் வழக்குகளுக்கும் இது பொருந்தும்.

ரொஹானியின் விவாகரத்து வழக்கு முடிகிற கட்டத்தில் இருந்தது. அவள் கணவன் ஜைலான், துணி விற்க வந்த ஒருத்தியோடு குந்தாங் தீவுக்குப் போய் ஆறு ஆண்டுகள். இடையில் இந்தக் கடையை அவள் தனியாகக் கட்டி எழுப்பினாள். தீர்ப்பு வந்துவிட்டால் கடை உரிமம் அவள் பெயருக்கு மாறும். வராதவரை, சட்டத்தின் கண்ணுக்கு அது குடும்பத் தலைவனுடையது. குடும்பத் தலைவன் வானொலி கேட்காதவனா? அடுத்த படகிலேயே ஒரு பையும் ஒரு புறாக் கூண்டுமாக வந்து இறங்கிவிட்டான். “ஒரே கூரைன்னு சொல்லிட்டாங்களே, நாம சட்டத்த மீறலாமா?” என்று கேட்டுக்கொண்டே கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

அன்று மத்தியானமே ரொஹானி அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

“அண்ணே, அந்த ஆளு வந்து பைய வெச்சிட்டான். நான் என்ன பண்ணட்டும்?”

மர்சுகிக்கு ஜைலானைக் கண்டால் ஆகாது. அவன் ஓடிப்போனதும் தங்கை மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தபோது கஞ்சி ஊட்டியவர் அவர்தான். ஆனாலும் வாய் பழகிய தடத்தில் போயிற்று. “பதட்டப்படாதம்மா. அந்தப் பிரிவோட உள்நோக்கம் என்னன்னா...”

“உள்நோக்கம் அவனுக்கு இருக்குண்ணே! கடைமேல இருக்கு!”

உள்ளேயிருந்து அவர் மனைவி சல்பியா எட்டிப் பார்த்தாள். “ஏங்க, ஊருக்கே விளக்கம் சொல்றீங்க. கூடப் பொறந்தவளுக்கு ஒரு வார்த்த பேசக் கூடாதா? வெள்ளிக்கிழம சட்டக்குழு வருதாமே. எழுந்து நின்னு சொல்லுங்க.”

மர்சுகி தங்கைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, “சொல்றேன். என் தங்கச்சி விஷயம். சொல்லாம இருப்பேனா?” என்றார். மனதாரத்தான் சொன்னார். அதில் சந்தேகம் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மீனவர் சங்கக் கூடம் நிறைந்திருந்தது. சட்டக்குழுத் தலைவி, வழக்கறிஞர் வர்தினா அம்மாள், பன்னிரண்டு ஊர்களில் ஏச்சு வாங்கிக் களைத்துப்போய் ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். பேச்சை ஆரம்பித்தபோது அவர் சொன்னது மர்சுகிக்கே ஆச்சரியமாக இருந்தது.

“மத்ததெல்லாம் இருக்கட்டும். இந்த இருபத்தோராம் பிரிவுதான் எனக்கே நெருடுது. ஓடிப்போனவன் திரும்பி வந்து உரிமை கேட்டா என்ன செய்யறது? அப்படி ஒரு உண்மையான சம்பவத்த இந்த ஊர்ல யாராவது காட்டுங்க. இன்னிக்கே அந்தப் பிரிவ அடிச்சு எடுத்துடறேன்.”

கேட்டீர்களா? கட்சியே சுவரைத் தள்ளிவிடத் தயாராக நிற்கிறது. யாராவது ஒருவர் விரல் வைத்தால் போதும். மூன்றாம் வரிசையில் ரொஹானி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். மர்சுகி எழுந்தார். ஒலிவாங்கியைக் கையில் வாங்கினார். “என் தங்கச்சி...” என்று ஆரம்பித்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு எதிர்க்கட்சிக்காரன் கைதட்டினான். “ஆளுங்கட்சிக்காரரே சட்டத்துக்கு எதிரா பேசப்போறாரு, கேளுங்கப்பா!”

அவ்வளவுதான். அந்தக் கைதட்டல் காதில் விழுந்ததும் மர்சுகியின் முதுகெலும்பு நிமிர்ந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. தங்கை, கடை எல்லாம் எங்கோ பின்னால் போய்விட்டன. “யாருப்பா எதிராப் பேசறது? என் தங்கச்சியே இதுக்கு உதாரணம்! ஆறு வருஷமா காணாமப் போன மாப்பிள்ள, இந்த வரைவ வானொலியில கேட்டதும் அடுத்த படகுல ஓடி வந்தாரு. எந்த நீதிமன்றமாவது இதச் செஞ்சுதா? எந்த ஆட்சியாவது செஞ்சுதா? ஒரு சட்டம் வர்றதுக்கு முன்னாடியே ஒரு குடும்பத்தச் சேத்து வெச்சிருக்கு. வந்தா எத்தனய சேக்கும்!”

கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். அவர் பேச்சை இன்னும் வளர்த்தார். ஒரே கூரை என்றால் சிறையல்ல, சந்தர்ப்பம் என்றார். கோபம் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது என்றார். வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவர் பேசியதில்லை. வர்தினா அம்மாள் விசிறியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “நான் இந்தக் கோணத்துல யோசிக்கலே, ஐயா. பாதிக்கப்பட்ட குடும்பத்துல இருந்தே ஒருத்தர் சொல்லும்போது அடிக்க நான் யாரு? பிரிவு இருக்கட்டும்.”

மூன்றாம் வரிசை நாற்காலி காலியாக இருந்ததை அவர் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தார்.

மாதம் முடிவதற்குள் அது சட்டமாயிற்று. ரொஹானியின் தீர்ப்பு ஓராண்டு தள்ளிப்போயிற்று. நீதிமன்ற உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, ஜைலானையும் அவன் பையையும் புறாக் கூண்டையும் ஒரு மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, அவள் நேராக அண்ணன் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள்.

“என்னம்மா இது?”

“ஒரே கூரைன்னு போட்டிருக்கு. யாரு கூரைன்னு போடலியே. நானும் இங்கதான், அந்தாளும் இங்கதான். நான் சல்பியா அண்ணிகூடப் படுத்துக்கறேன். உன் அறைய மாப்பிள்ளைக்குக் குடு.”

சல்பியா கணவருக்குக் கூடத்தில் ஒரு பாயை எடுத்துப் போட்டாள். அந்த ஓராண்டு மர்சுகி பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஜைலான் அவர் கைலியைக் கட்டினான், அவர் நாற்காலியில் உட்கார்ந்தான், அவருக்கு வைத்த மீன் தலையைச் சாப்பிட்டான். “மச்சான், நீங்க மட்டும் அன்னிக்குப் பேசலேன்னா நான் நடுத்தெருவுல நின்னிருப்பேன்” என்று ஊர் கேட்க நன்றி வேறு சொன்னான். கூடத்தில் படுத்து மர்சுகிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. யாராவது விசாரித்தால், “வீடு கலகலன்னு இருக்கு. கூட்டுக் குடும்பம்னா இதுதான்” என்பார். ஒருநாள் காலையில் பின்கட்டில் பல் துலக்கும்போது, சுவரைப் பார்த்து, “இந்தப் பிரிவு கொஞ்சம்...” என்று ஆரம்பித்தார். உடனே யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். கூண்டிலிருந்து புறா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போனார்.

ஆண்டு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, தேர்தல் நெருங்கியதால், கட்சி இருபத்தோராம் பிரிவைத் திரும்பப் பெற்றது. அது ஒரு எழுத்தரின் கைப்பிழை என்று தலைவர் அறிக்கை விட்டார். மர்சுகி என்ன செய்தார்? சட்டையை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போய், காற்று வரும் மேசையில் உட்கார்ந்தார். “தப்பு நடந்ததுன்னு துணிஞ்சு ஒத்துக்கிற கட்சி, உலகத்துல வேற எங்கயாவது இருக்கா?”

மீன்பிடிக்காரர்கூடச் சிரிக்கவில்லை.

ரொஹானிக்குத் தீர்ப்பு கிடைத்தது. உரிமம் அவள் பெயருக்கு வந்தது. ஜைலான் அடுத்த படகில் போனான். அன்று அண்ணன் முன்னால் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள்.

“வேற என்ன வேணும், செயலாளரே?”

மர்சுகி நிமிர்ந்து பார்த்தார். பிறந்ததிலிருந்து அண்ணே என்பதைத் தவிர வேறு சொல்லி அறியாத வாய் அவளுடையது. “இஞ்சி போடலியாம்மா?” என்று கேட்க நினைத்தார். அவள் அதற்குள் அடுத்த மேசைக்குப் போயிருந்தாள். எதையும் விளக்கத் தெரிந்த மனிதருக்கு, அந்த இஞ்சியில்லாத காப்பியை மட்டும் தனக்கே விளக்கிக்கொள்ளத் தெரியவில்லை. குடித்துவிட்டு எழுந்து போனார்.

இப்படிப்பட்டவர்களை உங்களுக்குத் தெரியும். எதிர்வீட்டில் இருப்பார், அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருப்பார், குடும்பத்தின் கைப்பேசிக் குழுவில் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போதே, இந்த நல்லில்லக் கட்சி என்று எழுதியிருப்பது நிச்சயமாக அந்தக் கட்சியைத்தான், நம் கட்சியில் இப்படியெல்லாம் கிடையாது என்று மனதுக்குள் ஒரு நிம்மதி வந்து போயிற்றா? வந்திருந்தால், வீட்டில் ஒரு பாயை இப்போதே உதறி வைத்துக்கொள்ளுங்கள்.