கத்திக்குப் பிடி போட்ட கதை

ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் எந்தப் புது வேலையும் தொடங்குவதில்லை என்று என் மனைவி நஸ்மியாவுக்கு வாக்குக் கொடுத்தேன். அடுத்த வாரமே எனக்கு ஒரு கத்தி தேவைப்பட்டது.

தப்பாக நினைக்காதீர்கள். குத்துவதற்கு இல்லை. பிடி போடுவதற்கு.

உக்குவளையில் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு சின்ன அறை இருக்கிறது. வீட்டில் எனக்கென்று உள்ள ஒரே இடம் அதுதான். மாத்தளையில் ஒரு சப்பாத்துக் கடையில் பகல் முழுக்க அடுத்தவர் காலைப் பிடித்துவிட்டு வருகிறவனுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் இடம் வேண்டாமா? அங்கே மீன் தொட்டி வைத்தேன். வெடித்தது. லவ் பேர்ட்ஸ் வளர்த்தேன். அவற்றுக்கு என்மேல் லவ் இல்லை, பறந்துவிட்டன. சாதிக்காய் மரத்தைச் சட்டியில் குள்ளமாக வளர்த்தேன். குள்ளமாகவே செத்தது.

நஸ்மியா பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைப்பவள். அவளுடைய தையல் மெஷின் ஹோலில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் துணிக் குவியலைத் தாண்டித்தான் கதிரைக்குப் போக வேண்டும். அவளுக்கு அந்த அறை மேல் ஒரு கண்.

"பெருநாள் வரைக்கும் ஒண்ணும் தொடங்கலன்னா ரூம் உங்களுக்கே. பொறகு நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றாள். "தொடங்கினீங்கன்னா என்ட மெஷின் உள்ளுக்குப் போகும். சரியா?"

"சரி" என்றேன். அப்போதே என் வாயைத் தைத்திருக்கலாம்.

கெடுத்தவன் கடையில் என்னோடு வேலை செய்யும் இப்ஹாம். ஃபோனில் ஒரு வீடியோ காட்டினான். ஒருவன் மலிவுக் கத்தி ஒன்றை வாங்கி, பிளாஸ்டிக் பிடியைக் கழற்றி, தானே செதுக்கிய மரப்பிடியைப் போட்டான். ராஜா இடுப்பில் செருகும் கத்தி போல ஆகிவிட்டது.

"கத்தி மலிவா ஈந்தாப் போதும் மச்சான். ஆனா இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் போகணும். பாதியில நின்னா, பிடியக் கழட்டினதும் கத்தியும் முடிஞ்சிரும்."

மாத்தளை டவுனில் ஒரு கடை பாக்கியில்லை. நல்ல கத்திகள் நல்ல பிடிகளோடே இருந்தன, என் தயவு அவற்றுக்குத் தேவைப்படவில்லை. மலிவானவை விரலால் அழுத்தினாலே வளைந்தன. ஒன்றின் பிடி கடையிலேயே கையோடு வந்தது. உள்ளே பல்லி வால் அளவுக்கு இரும்பு. பெண் பார்க்கப் போனபோது நான் இவ்வளவு விசாரிக்கவில்லை.

"கத்தி யாருக்கு?" என்றார் கடைசிக் கடைக்காரர்.

"வீட்டுக்கு."

"வீட்டுல ஏதும் பிரச்சினையா?"

"வராம ஈக்கணுமேன்னுதான் பயமா ஈக்குது."

அவர் காசுப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆனாலும் அவருடைய கீழ்த்தட்டில்தான் என் கத்தி கிடைத்தது. அங்கங்கே துரு. அவலட்சணமான கறுப்புப் பிளாஸ்டிக் பிடி. பிடியின் முதுகில் கடைசி வரைக்கும் இரும்பு தெரிந்தது. துருவுக்காக விலையும் குறைத்தார். சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சப்பாத்துக் கடைக்காரன் சப்பாத்துப் பெட்டியோடு வந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

"பெட்டியில என்ன?"

"சப்பாத்து. மாத்திக் குடுக்க வேண்டியது."

நஸ்மியா பெட்டியை வாங்கி மெதுவாக ஆட்டிப் பார்த்தாள். என் உயிரும் சேர்ந்து ஆடியது.

"ஒண்ணுதான் ஈக்குது போல?"

"அது... அந்த ஆளுக்கு ஒத்தக் கால்."

"பாவம்" என்று பெட்டியைத் திருப்பித் தந்தாள். நம்பிவிட்டாள் என்று நான் நம்பினேன்.

பிடியைக் கழற்றினேன். துருவைத் தேய்த்தேன். கல்லில் தீட்டினேன். வீடியோக்காரன் கூர் பார்ப்பதற்குத் தன் கை முடியைச் சிரைத்துக் காட்டுவான். நானும் இடக்கையில் ஓர் இழுப்பு இழுத்தேன். ஒரு வெற்றிலை அளவுக்குச் சுத்தமாக வழித்துக்கொண்டு போயிற்று. சந்தோஷத்தில் சிரித்தேன்.

சிரிப்பு பாதியில் நின்றது. முந்தின நாள்தான் பெருநாள் மாதமான துல்ஹஜ்ஜின் பிறை கண்டிருந்தார்கள். இந்த வருஷம் நான் பெருநாளைக்கு ஆடு அறுத்துக் குர்பான் கொடுக்க நிய்யத்து வைத்திருந்தேன். கொடுக்கிறவர் பிறை கண்டதிலிருந்து குர்பான் முடியும்வரை முடி, நகம் எதையும் வெட்டக்கூடாது. நான் மறந்துவிடுவேன் என்று நஸ்மியா நகவெட்டியைக்கூட ஒளித்து வைத்திருந்தாள். கத்தியை ஒளிக்க அவளுக்குத் தோன்றவில்லை, கத்தி இருப்பது தெரிந்தால்தானே.

மறதியில் செய்தது, அல்லாஹ் மன்னிப்பான். நஸ்மியாவைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.

முழுக்கைச் சட்டை போடத் தொடங்கினேன். ஆனால் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ செய்ய முழங்கை வரைக்கும் சட்டையை மடிக்க வேண்டுமே. வீட்டுக் குழாயடியில் மடித்தால் மாட்டிக்கொள்வேன். ஆகவே ஐந்து நேரத் தொழுகைக்கும் பள்ளிவாசலுக்கே போனேன். விடியற்காலைச் சுபஹுக்கும் முதல் ஆளாக. பக்கத்து வீட்டுக்காரர் தன் மகன்களுக்கு என்னைக் காட்டிப் புத்தி சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. பயம் அதைவிடக் கூடுதலாக இருந்தது.

"மாஷா அல்லாஹ்" என்றாள் நஸ்மியா. "ஈமான் கூடுது."

"ம்."

"சட்டக் கையும் கூடுது."

வேலியோரம் பட்டுப்போய் நின்ற கோப்பி மரத்தில் பிடிக்குக் கட்டை வெட்டினேன். தேய்க்கும் சத்தம்தான் பிரச்சினை. அதற்கும் வழி கண்டேன். ஹோலில் அவள் மெஷின் ஓடும்போது தேய்ப்பேன். அது நின்றால் நானும் நிற்பேன். நல்ல வேளையாக அந்த நாட்களில் அவளுக்கு வேலை அதிகம் போல, மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

இன்னொரு அதிர்ஷ்டம், அவள் சமைத்துக்கொண்டே புலம்புவாள்.

"இந்தக் கத்திக்கெல்லாம் பிடிய ஒலக்க மாதிரி செய்றானுகள். கைக்குள்ள அடங்க வேணாமா?"

ஓசியில் யோசனை. அறைக்குள் ஓடிப்போய்ப் பிடியை மெலிய வைத்தேன்.

"ஈரக் கையில வழுக்குது. வெரல் பதிய ஒரு பள்ளம் வச்சா என்ன?"

நான்கு பள்ளம் வைத்தேன். என் விரலுக்குக் கொஞ்சம் நெருக்கியது. பழகப் பழகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன்.

பெருநாளைக்கு முந்தின நாள் அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

"கைய நீட்டுங்க. பெருநாள் சட்டைக்கு அளவெடுக்கணும்."

"பழைய அளவே போதும்."

"அரைக் கையா, முழுக் கையா?"

"முழுக் கை."

"இந்த வெயிலுக்கா?"

"நுளம்பு."

"ரெண்டு கையிலயும் கடிக்குதா?"

"நுளம்பு கை பாத்தா கடிக்கும்?"

அவள் சட்டைக்கு மேலேயே அளந்துகொண்டு போனாள். இன்னும் ஒரே ஒரு இரவு. விடிந்தால் அறை எனக்கு.

விடிந்தது. குளித்து, அத்தர் பூசி, புதுச் சட்டையை மாட்டினேன். இடக்கை மணிக்கட்டு வரைக்கும் வந்தது. வலக்கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிட்டது.

"நஸ்மியா, ஒரு கை அரையா ஈக்குதே!"

"அந்தக் கையில முடி சரியா ஈக்குதே. அத என்னத்துக்கு மறைக்க?"

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்ப தெரியும்?"

"கத்தியா? ஒத்தக் கால் சப்பாத்து வந்த அன்னைக்கே. கைய, நீங்க தூங்கக்குள்ள பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொன்னா பிடிய யார் முடிப்பாங்க? நீங்க தேய்க்கணுமேன்னு தைக்கத் துணியே இல்லாம மெஷின மிதிச்சிருக்கேன். காலெல்லாம் நோவு. போய்க் கத்தியக் கொண்டு வாங்க."

கொண்டுவந்து நீட்டினேன்.

"கையில தராதீங்க, சண்ட வரும். கீழ வைங்க."

மேசையில் வைத்தேன். எடுத்துப் பிடித்தாள். என் விரலை நெருக்கிய நான்கு பள்ளத்திலும் அவளுடைய நான்கு விரலும் போய் அழகாக உட்கார்ந்தன. அளவெடுத்துத் தைத்த மாதிரி. அளவு சொன்னவளே அவள்தானே.

பள்ளியில் தக்பீர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தொழுகைக்கு நேரமாகிறது. முதல் வரிசையில் எனக்கென்று இடம் வைத்திருப்பார்கள், ஊரே பார்க்கும்.

"மத்தக் கைய எப்ப தைச்சித் தருவ?" என்றேன்.

"வெட்டித்தான் வச்சிருக்கேன், அஞ்சு நிமிஷ வேல. ஹோல்ல மெஷினச் சுத்திப் பெருநாள் பலகாரம். தைக்கத்தான் எடமில்ல."

அறைச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"அதயும் கீழ வைங்க" என்றாள்.