ஓடமாட்டேன் என்ற மோட்டார்கள்

காலையிலிருந்து ஒன்றுகூட அசையவில்லை.

மோட்டார்காரர் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தபடி கெஞ்சிக்கொண்டிருந்தார். தெருவில் அவருக்கு 'மோட்டார்காரர்' என்றுதான் பெயர். "ரசாயன விஞ்ஞானி" என்று அவர் மனைவி வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தும் ஒருத்தரும் மாற்றிக்கொள்ளவில்லை. அவர் செய்கிற மோட்டாரோ கண்ணுக்கே தெரியாத சமாச்சாரம். பாதி உடம்புக்கு மட்டும் பிளாட்டினம் பூசிய துகள்கள். பெராக்சைடு கலந்த தண்ணீரில் விட்டால், அதைக் குடித்துவிட்டு ஓட வேண்டும். ஓடி, யாரும் தொடாமல், தாங்களாகவே கூடிச் சக்கரமாகி நின்று சுழல வேண்டும்.

ஒன்பது வருஷத்தில் அவை அப்படி ஒழுங்காகச் சுழன்றது ஒரே ஒரு தடவை, ஆறு மாதத்துக்கு முன்னால். அதைப் படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். "அப்படியா? சரி, சமையல்கட்டுக் குழாய் ஒழுகுதே, அதைப் பாத்தீங்களா?" என்று மனைவி கேட்டதாகக் கேள்வி.

இன்றைக்கு ஆராய்ச்சிக்குப் பணம் தரும் குழு நேரில் பார்க்க வருகிறது. துகள்கள் சுழன்றால் இன்னும் மூன்று வருஷம் ஆராய்ச்சி. சுழலாவிட்டால் கீழ்த்தளத்தில் சாக்கடைத் தண்ணீரைச் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றல். அங்கே அவருக்கு நாற்காலிகூடத் துடைத்துப் போட்டுவிட்டார்களாம்.

"என்ன, இன்னும் தூங்குதுங்களா?" என்றபடி மனைவி உள்ளே வந்தாள். அவர் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுப்பதற்காக ஆபீசில் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன், நகருதான்னு பாப்போம்."

"வீட்லயே நான் சொல்லி யார் நகர்றாங்க?"

மோட்டார்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பசியாக இருக்கும் போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் பெராக்சைடு விட்டார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம். அதுவும் போதாது என்று ஒரேயடியாக ஊற்றினார். சர்ரென்று நுரை கிளம்பியது. துகள்கள் இருந்த கண்ணாடித் தகடு மூழ்கி, நுண்ணோக்கியின் லென்ஸ் வரை நுரை ஏறிவிட்டது. இனி ஓடினாலும் தெரியாது.

"நல்லா நுரை வருதே. சட்டையைக் கழட்டுங்க, இதுலயே தோச்சிடலாம்" என்றாள் மனைவி.

வெளியே லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம். அவருக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. கெட்ட யோசனைகள்தான் எப்போதும் அப்படிப் பளிச்சென்று வரும்.

"பக்கத்து ரூம்ல என் லேப்டாப் இருக்கு. அதுல ஓட்டினா சுவத்துல இருக்கிற இந்தப் பெரிய திரையில தெரியும். அந்தப் பழைய வீடியோவைப் போடு. நான் இங்கேருந்து சத்தமா சொல்றபடி செய்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் இல்லம்மா. நம்ம மோட்டார்தானே? நேரம்தான் கொஞ்சம் முன்னபின்ன."

"ஆறு மாசம் கொஞ்சமா?"

"சாக்கடைப் பிரிவுக்குப் போனா, என் சட்டையும் உன் துணியும் ஒரே மெஷின்லதான் சுத்தும். யோசிச்சுக்க."

மனைவி உடனே பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ரூமுக்குப் போய்விட்டாள்.

குழுவில் இரண்டே பேர். தலைவர் கனத்த குரல், கனத்த உடம்பு. அறிவியல் மட்டும் கொஞ்சம் ஒல்லி. கூட வந்த பெரியவரோ இந்தத் துறையையே தொடங்கி வைத்தவர். அவருடைய கட்டுரையைக் கல்லூரியில் படித்துத்தான் மோட்டார்காரர் இந்த வேலைக்கே வந்தார். பெரியவர் உட்கார்ந்து கண்களைப் பாதி மூடிக்கொண்டார். அந்தப் பாதி மூடாத மிச்சத்துக்குத் தெரியாதபடி மோட்டார்காரர் நுரையைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டார்.

"ஆரம்பிக்கலாமா!" என்று தடுப்பைப் பார்த்துக் கத்தினார்.

"எனக்குக் காது நல்லாவே கேக்கும்" என்றார் தலைவர்.

திரையில் துகள்கள் துள்ளி ஓடின. கூடின. சக்கரமாகிச் சுழன்றன.

"அடடா! அந்த ஓரத்துல இருக்கிறதைப் பாக்கணுமே. கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்க" என்றார் தலைவர்.

"இடப்பக்கம் நகர்த்தறேன்!" என்று கத்திவிட்டு, மோட்டார்காரர் நுரைக்குள் எதையோ திருகினார். அந்தப் பக்கம் மனைவி இடப்பக்க அம்புக்குறியைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். படம் பின்னோக்கி ஓடியது. சக்கரங்கள் பிரிந்தன. துகள்கள் வந்த வழியே முதுகுப்பக்கமாக நகர்ந்து தத்தம் இடத்துக்குத் திரும்பின.

தலைவர் எழுந்தே விட்டார். "பிரியுதே! சேரும்னு மட்டும்தானே சொல்லியிருந்தீங்க?"

"அது... இந்த வாரம்தான் சார் கத்துக்கிச்சுங்க."

"உலகத்துல யாரும் செய்யலையேய்யா இதை! எங்க, இன்னொரு தடவை?"

"இன்னொரு தடவை சேரும்! இன்னொரு தடவை பிரியும்!"

மனைவிக்கு ருசி கண்டுவிட்டது. சேர்த்தாள், பிரித்தாள், மறுபடி சேர்த்தாள். ஒன்பது வருஷமாக அவர் சொல்லிக் கேட்காத துகள்கள் அவள் விரலுக்கு ஆடின.

"சரி, ஒரு சொட்டு நல்ல தண்ணி விடுங்க. அப்போ நிக்கணும் இல்ல?"

"தண்ணி விட்டாச்சு! நின்னுடும்!"

நின்றது. துகள் மட்டுமல்ல, எல்லாமே நின்றது.

தலைவர் திரைக்கருகே போய் உற்றுப் பார்த்தார். "குமிழிகூட பாதி வெடிச்சபடி நிக்குதே?"

"அவ்வளவு கட்டுப்பாடு சார்."

அந்த நேரம் பார்த்துத் திரையின் நடுவே ஒரு பச்சைக் கட்டம் முளைத்தது: 'மாமியார் அழைக்கிறார்.'

தலைவர் அதன்மேல் விரலை வைத்தார்.

"இது என்னது?"

மோட்டார்காரர் கையிலிருந்த நுரையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "அந்த நடுத் துகளுக்கு நாங்க வெச்ச செல்லப் பேர் சார். அது கூப்பிட்டா மத்ததெல்லாம் வந்து சுத்தி நின்னே ஆகணும்."

தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்க வீட்லயும் அதே துகள்தான்யா!"

தடுப்புக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "அப்புறம் பேசறேம்மா. இவரோட மோட்டாரை ஓட்டிக்கிட்டிருக்கேன்."

"யாரது?"

"உதவியாளர் சார். வேலைன்னா ரொம்ப ஈடுபாடு."

தலைவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மூணு வருஷம் இல்லய்யா, அஞ்சு வருஷம் தர்றோம்! ஆனா அடுத்த மாசம் பெரிய மாநாடு இருக்கு. அத்தனை விஞ்ஞானிங்க முன்னாடி, மேடையில, நேரடியா இதே மாதிரி சேர்த்துப் பிரிச்சுக் காட்டணும். என்ன, பெரியவரே?"

பெரியவர் கண்ணைத் திறந்து "ம்" என்றார். அவ்வளவுதான்.

அவர்கள் வெளியே போனதும் மனைவி எட்டிப் பார்த்தாள். "எப்படி ஓட்டினேன்?"

"ரொம்ப நல்லா ஓட்டிட்டே. அடுத்த மாசம் மேடையில ஓட்டணும். அந்த மேடைக்குப் பக்கத்து ரூம் கிடையாது."

மோட்டார்காரருக்குச் சாக்கடைத் தண்ணீர்கூட மணப்பதுபோல் இருந்தது. அங்கே கிடைப்பதைச் சோதித்தால் போதும், எதையும் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. இனி ஒரே வழிதான். மேடையில் மானம் போவதைவிட, இப்போதே பெரியவர் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம்.

லிஃப்டை நோக்கி ஓடினார். தலைவர் தூரத்து ஜன்னலோரமாக நின்று யாரிடமோ போனில் "சேருதுய்யா, பிரியுதுய்யா" என்று முழங்கிக்கொண்டிருந்தார். பெரியவர் தனியாக நின்றார்.

"சார், மன்னிக்கணும். இன்னிக்கு நான் காட்டினது..."

பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்தார். தோளில் கை போட்டு, காதருகே குனிந்தார்.

"அந்தப் படத்துல எனக்கும் ஒரு காப்பி அனுப்பிடுங்க தம்பி. அடுத்த வாரம் இந்தத் தலைவர் என் லேபுக்கு வர்றாரு, நான் இருபது வருஷமா போட்டுக் காட்டுற படம் ரொம்பப் பழசாயிடுச்சு."