காலை எடுத்தால் எரியும் லைற்

வேலையை முடித்த கையோடு அந்த இடத்தை விட்டு வேகமாக நடந்துவிட வேண்டும். இளம் வயதில் நான் தவறாமல் கடைப்பிடித்த ஒரே ஒழுக்கம் அதுதான். அன்று பின்னேரமும் அப்படித்தான் சல்லிக் கிராமத்தை முதுகுக்குப் பின்னால் விட்டு ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. பைக்குள் ஒரு குறடு, ஒரு ஸ்குறூடிறைவர், மிச்ச வயர், உடுக்க ஒரு மாற்றுச் சாரம். எங்கே போகிறேன் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் இல்லை. எதை விட்டுப் போகிறேன் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். மிஸ்ஸியின் காரை.

(எங்கள் பக்கத்தில் தாதியையும் மருத்துவிச்சியையும் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் துணிவு வராது. இந்த மிஸ்ஸிக்குச் சொந்தப் பெயர் இருந்ததே எனக்குக் கனகாலம் கழித்துத்தான் தெரியும்.)

சல்லியின் மருத்துவிச்சி அவர். தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் வாங்கிய ஒரு மொறிஸ் மைனர் கார் அவரிடம் இருந்தது. சண்டை மறுபடி தொடங்கிய பிறகு, பொழுதுபட்டால் ஓட்டோக்காரர் ஒருவரும் அசைய மாட்டார்கள். பிள்ளைப்பேற்று நோ மட்டும் ஊரடங்குச் சட்டத்தை மதிப்பதில்லை. ஆகவே பொழுதுபட்டபின் அந்தப் பக்கத்துப் பெண்களைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அந்தக் கார்தான். அதுவோ கிழட்டுக் கார். லைற்றுகளைப் போட்டால் பற்றரி இறங்கும். பற்றரி இறங்கினால் கார் நின்றுவிடும். புதுப் பற்றரி ஒன்றைக் கொண்டுவருவதென்றால் ஒவ்வொரு ஆமிச் சோதனைச் சாவடியிலும் 'இது யாருக்கு, எதற்கு' என்று பதில் சொல்லி முடிக்க ஒரு வயது போய்விடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் சல்லிக்குப் போய்ச் சேர்ந்தேன். வெருகலில் ஷெல்லடிக்குப் பயந்து ஓடியதோடு என் படிப்பு ஒன்பதாம் வகுப்பில் நின்றது. பிறகு நான்தான் ஓரிடத்திலும் நிற்கவில்லை. கடைசியாகக் குறிஞ்சாக்கேணியில் படகு எஞ்சின் திருத்துகிற இடத்தில் இருந்தபோது, ஒரு ஓட்டோவுக்கு நீல நிற எல்.ஈ.டி. லைற் பட்டி ஒட்டிக் கொடுத்திருந்தேன். அது எரிந்தது. அன்றிலிருந்து என்னை நானே மின்னியல் நிபுணன் என்று நினைத்துக்கொண்டேன்.

"மிஸ்ஸி, எல்லாத்தையும் எல்.ஈ.டி.யாய் மாத்துவம். பற்றரி குடிக்காது. முன்னுக்கு ஹெட்லைற் மட்டும் பழசு இருக்கட்டும்" என்றேன்.

"உமக்குத் தெரியுமோ?"

"ஓம் மிஸ்ஸி."

இந்த 'ஓம்' என் வாயிலிருந்து எவ்வளவு இலகுவாக வந்ததோ, அவ்வளவு இலகுவாக ஒரு லைற்றும் வரவில்லை. பொருத்தி முடித்துச் சுவிட்சைப் போட்டால் ஒன்றும் எரியவில்லை. எல்.ஈ.டி. என்பது ஒருவழிப் பாதை. கரண்டை ஒரு பக்கமாகத்தான் விடும். மற்றக் கார்களில் பற்றரியின் மைனஸ் முனைதான் கார் உடம்போடு சேர்ந்திருக்கும். மிஸ்ஸியின் பழைய மொறிஸில் பிளஸ் சேர்ந்திருந்தது. எனக்கு இதெல்லாம் தெரியாது. வயர்களை மாற்றிக் கொடுத்தேன், எரிந்தது. ஏன் எரிகிறது என்று கேட்க நான் நிற்கவில்லை.

அடுத்தது சிக்னல். இடப்பக்கம் போட்டால் நாலு மூலையும் சேர்ந்து எரிந்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த ஒரு சின்ன எச்சரிக்கைப் பல்புக்குள்ளால் கரண்ட் மற்றப் பக்கத்துக்கும் கசிகிறது என்று தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். பழைய பல்புகள் அந்தக் கசிவைக் கவனிக்காது, எல்.ஈ.டி. துளிக் கரண்டுக்கும் பல்லைக் காட்டும். அந்தச் சின்னப் பல்பைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அதன்பின் இடப்பக்கம் மட்டும் எரிந்தது. ஆனால் சிமிட்டவில்லை. முறைத்தது.

"தம்பி, இது மின்னி மின்னியெல்லோ எரிய வேணும்?"

"புது மாதிரி மிஸ்ஸி. இப்ப இப்படித்தான்."

கடைசியாக உள் லைற். அதன் ஒரு வயர் சரி, மற்ற வயரை எங்கே கொடுப்பதென்று தெரியவில்லை. கண்ணில் பட்ட வயர்களையெல்லாம் சுரண்டித் தொட்டுப் பார்த்தேன். ஒன்றில் எரிந்தது. வெள்ளை வெளேரென்று, பூசைக்கு வெள்ளையடித்த கோயில் மாதிரி. சந்தோசத்தில் அதிலேயே முறுக்கிக் கறுப்பு ஒட்டு ரேப் சுற்றினேன். எல்.ஈ.டி. பட்டி முடிந்துவிட்டதால் பிறேக் லைற்றுக்கு மட்டும் பழைய பல்பையே விட்டேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

கொஞ்சத் தூரம் போயிருப்பேன். பின்னால் ஹோர்ன் கேட்டது. மொறிஸ்.

"ஏறும் தம்பி. கிருபாவுக்கு நோ வந்திட்டுது. வழியில நிண்டால் தள்ள ஆள் வேணும்."

பின் சீற்றில் கிருபா சாய்ந்திருந்தாள். கடற்றொழிலுக்குத் தடை என்பதால் புருசன் கொழும்புக்கு மேசன் வேலைக்குப் போயிருந்தான். மாமியார் மூத்த பிள்ளையோடு வீட்டில். இந்தப் பிள்ளை குறுக்காகக் கிடக்கிறதாம். ஆஸ்பத்திரியில்தான் எடுக்க வேண்டும், அதுவும் கெதியாய் என்று மிஸ்ஸி எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். நான் முன் சீற்றில் ஏறிப் பையை மடியில் வைத்தேன். ஓடுவதற்கு ஆயத்தமாக வைத்திருந்த பை.

"எஞ்சினை நிப்பாட்டினால் திரும்ப எழும்பாது. ஹாண்ட் பிறேக்கும் இல்லை, தெரியும்தானே?" என்றார். தெரியும். அவர் வீட்டில் காரை நிறுத்தினால் சில்லுக்கு ஒரு கல் வைப்பார்.

பொழுது பட்டு இருட்டு விழுகிற நேரம் சோதனைச் சாவடி வந்தது. ஒரு சின்னப் பாலம் ஏறி இறங்குகிற இறக்கத்தில் தார் பீப்பாய்களும் மணல் மூடைகளும், ரோட்டுக்குக் குறுக்கே ஒரு தடியும். அந்த நாட்களில் அங்கே ஒரு முறை உண்டு. தூரத்திலேயே ஹெட்லைற்றை நிறுத்திப் பார்க் லைற்றோடு மெல்லப் போக வேண்டும். உள் லைற்றைப் போட்டு முகங்களைக் காட்ட வேண்டும். கோட்டில் நிற்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த முறை.

மிஸ்ஸி ஹெட்லைற்றை நிறுத்தினார். முன்னால் என் எல்.ஈ.டி. இரண்டும் நீல வெள்ளையாய்ப் பளிச்சிட்டன. உள் லைற்றைப் போட்டார். கார் முழுக்கப் பகல்.

"நல்ல வெளிச்சம்தான் தம்பி" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

கோட்டுக்குக் கிட்டப் போனதும் பிறேக்கை மிதித்தார். உள் லைற் அணைந்தது.

"லைற்! லைற்!" மணல் மூடைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

மிஸ்ஸி பதறிக் குனிந்து சுவிட்சைத் தேடினார். கால் பிறேக்கிலிருந்து எழும்பியது. லைற் எரிந்தது. கார் முன்னால் உருண்டது.

"நில்! நில்!"

மிதித்தார். நின்றது. அணைந்தது.

"லைற் போடு!"

காலை எடுத்தார். எரிந்தது. உருண்டது.

சாவடிக்காரனின் இடத்திலிருந்து பாருங்கள். இருட்டில் முன்பின் தெரியாத நீல விளக்கு வைத்த ஒரு வாகனம் மினுக் மினுக்கென்று யாருக்கோ சைகை காட்டிக்கொண்டு, நில் என்று சொல்லச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வருகிறது. (சிமிட்ட மறுத்த சிக்னலுக்கும் சேர்த்து உள் லைற் சிமிட்டியது.) 'சடக்' என்று துவக்கு ஏற்றுகிற சத்தம் கேட்டது. ஒன்றல்ல.

"தம்பி, என்ன செய்து வச்சிருக்கிறீர்?" மிஸ்ஸியின் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான்.

அந்தக் கணம்தான் என் ஒன்பதாம் வகுப்பு மூளைக்கு விளங்கியது. நான் முறுக்கிவிட்ட வயர் பிறேக் லைற்றுக்குப் போகிற வயர். பிறேக் மிதிக்காத நேரம் கரண்ட் அந்தப் பழைய பல்புக்குள்ளால் நுழைந்து போய்விடும்; உள் லைற் எரியும். மிதித்தால் இரண்டு பக்கமும் கரண்ட் வந்து முட்டிக்கொள்ளும், அணைந்துவிடும். நின்றால் இருட்டு. வெளிச்சமென்றால் ஓட்டம். முற்றத்தில் கல் வைத்து நின்ற காரில் நான் எல்லாவற்றையும் சோதித்தேன், பிறேக்கை ஒருதரம் மிதித்துப் பார்த்ததைத் தவிர.

பின்னாலிருந்து கிருபா பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள். "டேய் ஆமிக்காரத் தம்பி! சுடுறதெண்டால் கெதியாய்ச் சுடு! இல்லாட்டி வழியை விடு! என்னால ஏலாது!"

நான் கதவைத் திறந்து இறங்கினேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். துவக்கை விட அந்தக் காருக்குள் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கைகள் இரண்டையும் உயர்த்திக்கொண்டு காருக்கு முன்னால் போனேன். குனிந்து சில்லுக்குக் கல் வைக்கலாம்தான். ஆனால் அந்த நேரத்தில் குனிகிறவன் என்ன எடுக்கக் குனிகிறான் என்று யார் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்? ஆகவே சாவடிக்கு முகத்தைக் காட்டி, மொறிஸின் மூக்கில் என் பின்பக்கத்தை முண்டு கொடுத்தேன்.

"மிஸ்ஸி, காலை எடுங்கோ!"

எடுத்தார். கார் என்மேல் சாய்ந்தது. குதிக்காலை ரோட்டில் ஊன்றினேன். லைற் எரிந்தது; எரிந்தபடியே நின்றது. கிழட்டு மொறிஸின் பாரம் முழுவதும் என் பின்பக்கத்தில், கைகள் வானத்தில். கடவுளை நினைக்கக்கூட இடம் இல்லை. நழுவுகிற சாரத்தைத்தான் நினைத்தேன்.

டோர்ச் வெளிச்சம் என் முகத்தில் விழுந்து, பிறகு காருக்குள் போனது.

"மிஸ்ஸி?" என்றது குரல். என் வயதுப் பெடியன்.

"ஓம் மகன், நான்தான். பிள்ளைப் பெறுவுக்கு."

துவக்கு கீழே இறங்கியது. அவன் காரை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு அரைகுறைத் தமிழில் சொன்னான். "மிஸ்ஸி கார் லைற் இல்ல. மஞ்சள், கொஞ்சம். ஒரு பக்கம் மட்டும். எங்களுக்குத் தெரியும். இந்தக் கார் லைற் இருக்கு. அதுதான் பயம்."

இத்தனை காலமும் அந்தக் கார் சாவடி தாண்டியது, சாகப்போகிற அந்த மஞ்சள் லைற்றைத் தூரத்தில் கண்டே அவர்கள் அடையாளம் பிடித்ததால்தான். அந்த ஒன்றைத்தான் நான் திருத்தியிருக்கிறேன்.

அவன் பின் கண்ணாடியால் கிருபாவைப் பார்த்தான். கிருபா அவனை முறைத்தாள். "எங்க வீட்டிலயும் பேபி. வாற மாசம்" என்றான் மெதுவாக.

"அப்ப உனக்கு விளங்கும்தானே. தடியைத் தூக்கு" என்றாள் அவள்.

தடி தூக்கப்பட்டது. அந்தச் சந்தோசத்தில் மிஸ்ஸி கிளச்சையும் விட்டுவிட, எஞ்சின் ஒரு விக்கல் விக்கி நின்றுவிட்டது. பிறகென்ன? அவனும் இன்னும் இரண்டு பேரும் துவக்குகளை முதுகில் போட்டுக்கொண்டு என்னோடு சேர்ந்து தள்ளினார்கள். இறக்கம் என்பதால் மொறிஸ் செருமிக்கொண்டு எழும்பியது. மறுபடி நிறுத்த மிஸ்ஸிக்கு என்ன விசரோ? நகரத்துப் பக்கமாகப் போயே போய்விட்டார். என் பையும் போய்விட்டது.

ஊரடங்கில் நான் நடக்க ஏலாது. மணல் மூடைக்குப் பக்கத்தில் விடியும்வரை இருக்கச் சொன்னார்கள். பால் விடாத வெறுந்தேத்தண்ணி தந்தார்கள். அந்தப் பெடியன் தங்கள் கூடாரத்தின் எரியாத பல்பைக் காட்டி, "நீ பாஸ்தானே, பார்க்கிறியா?" என்றான். (திருத்து வேலை தெரிந்தவனைப் பாஸ் என்பார்கள்.) வாழ்க்கையில் முதல் தரம் 'தெரியாது' என்று சொன்னேன். மூன்று பேரும் சிரித்தார்கள். கொஞ்சம் கழித்து நானும்.

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். பையை எடுக்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மொறிஸ் வாசலில் சில்லுக்குக் கல் வைத்தபடி நின்றது. மிஸ்ஸி மர வாங்கில் உட்கார்ந்திருந்தார், என் பையை மடியில் வைத்துக்கொண்டு.

"பொம்பிளைப் பிள்ளை. வெட்டித்தான் எடுத்தவை. ரெண்டு பேரும் சுகம்" என்றார். ஏச்சுக்காகக் காத்து நின்றேன். அவர் பையை நீட்டி, "சாப்பிட்டீரோ?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் நான் போயிருப்பேன்.

இன்றைக்கும் கிருபா வீட்டில் கரண்ட் போனால் முதலில் கேட்கிற சத்தம், "மிஸ்ஸி, காலை எடுங்கோ!" என்பதுதான். சொல்லிக் கத்துவது அன்று பிறந்தவள். தான் நேரில் இருந்து பார்த்த மாதிரியே கதை சொல்வாள். (ஒரு வகையில் இருந்தவள்தானே.) மிஸ்ஸியோ அந்த எல்.ஈ.டி.களை அந்தக் கிழமையே கழற்றுவித்து, மஞ்சள் பல்புகளைத் திரும்பப் போட்டுக்கொண்டார். என்னைக் கொண்டல்ல.

அன்று காலை மூதூரிலிருந்து படகு வரவில்லை. அதில் வர வேண்டிய ஆஸ்பத்திரிச் சிற்றூழியர்களும் வரவில்லை. ஆள் தேடி வந்த மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, "தம்பி, உமக்கு என்ன வேலை தெரியும்?" என்றார்.

வாயைத் திறந்தேன். மிஸ்ஸி என்னைப் பார்த்தார்.

"தள்ளுவன்" என்றேன்.

ஒரு தள்ளுவண்டியைத் தந்தார். சுற்றிப் பார்த்தேன். ஒரு வயரும் இல்லை. சத்திரசிகிச்சை முடிந்தவர்கள் மயக்கம் தெளிகிற அறையிலிருந்து வார்ட்டுக்கு முதல் ஆளைக் கொண்டுபோகச் சொன்னார்கள். கிருபா. நெஞ்சோடு துணிச்சுருள் ஒன்று. பாதிக் கண்ணைத் திறந்து, தள்ளுவது யாரென்று பார்த்தாள்.

"ஐயோ, இவனோ?" என்றாள் நேர்ஸிடம். "முதல்ல பிறேக் இருக்கோ எண்டு பாருங்கோ."

குனிந்து பார்த்தேன். இருந்தது. ஒருதரம் மிதித்தும் பார்த்தேன். பிறகுதான் தள்ளினேன்.